நாற்பதைக் கடந்தபின் கர்நாடக இசைக்குக் காதைப் பழக்குவது எப்படி?

வயது ஏற ஏற இசை ரசனையும் மாற வேண்டுமா என்று கேட்டால், அப்படியொரு கட்டாயம் இல்லை என்பதே என் பதில். கல்லூரி நாட்களில் மனத்தில் பதிந்த திரைப்பாடல்களையே ஐம்பது வயதிலும் விரும்பிக் கேட்பவரிடம், "இந்த வயதிலாவது நல்ல சங்கீதம் கேட்கக் கூடாதா?" என்று சொல்வது நியாயமன்று. அமெரிக்காவில் மோரிஸ் ஹோல்ப்ரூக்கும் ராபர்ட் ஷிண்ட்லரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், 1932 முதல் 1986 வரை புகழ்பெற்ற 28 பாடல்களின் துணுக்குகளை 108 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். தமக்கு ஏறக்குறைய இருபத்து நான்கு வயதாக இருந்தபோது வெளிவந்த பாடல்களிடமே அவர்களுடைய விருப்பம் உச்சத்தில் இருந்தது. இளமைப் பாட்டின் மீதுள்ள பிடிப்பு பலருக்கும் பொதுவானது என்பதால், அதற்காக யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆனால் கர்நாடக இசையைக் கேட்க ஆசைப்பட்டு, "கேட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை" என்று விலகிவிடுபவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம்முடைய பழைய பாடல்களை நாம் வானொலியிலும், பேருந்திலும், தேநீர்க் கடையிலும், தேயும்வரை ஓடிய ஒலிநாடாவிலும் எண்ணற்ற முறை கேட்டிருக்கிறோம். புதிய இசையையோ ஒரே முறை, அதுவும் காய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பழைய பாட்டுக்குக் கொடுத்த அந்தத் திரும்பத் திரும்பக் கேட்கும் வாய்ப்பைப் புதியதற்கும் கொடுப்பதுதான் இங்கே நான் சொல்லப்போகும் வழியின் அடிப்படை.

முதலில், உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த ஒரு திரைப்பாடலின் ராகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1977-இல் வெளிவந்த 'கவிக்குயில்' படத்துக்காக இளையராஜா ரீதிகௌளை ராகத்தில் அமைத்த 'சின்னக்கண்ணன் அழைக்கிறான்' பாடலை எடுத்துக்கொள்வோம். கச்சேரி மேடைகளில் கோலோச்சிய பாலமுரளிகிருஷ்ணா பாடியது என்பதால், அந்தப் பக்கம் செல்ல இதைவிட நல்ல வாசல் கிடையாது. இதைக் கேட்ட கையோடு, 2008-இல் 'சுப்பிரமணியபுரம்' படத்துக்காக ஜேம்ஸ் வசந்தன் அதே ராகத்தில் அமைத்த 'கண்கள் இரண்டால்' பாடலையும் கேளுங்கள். முப்பது ஆண்டு இடைவெளியையும் வாத்தியங்களின் வேறுபாட்டையும் தாண்டி, இரண்டிலும் பொதுவான ஒரு சாயல் காதில் தட்டும். ஆரோகணத்தில், அதாவது சுரங்கள் ஏறும் வரிசையில், மேல் ஸட்ஜத்தைத் ('ஸ') தொடுவதற்கு முன் 'நி நி ஸ' என்று நிஷாதம் ('நி') இருமுறை வருவது இந்த ராகத்தின் முக்கியமான அடையாளங்களுள் ஒன்று. சுரம் தெரியாதவர்களும் கவலைப்பட வேண்டாம். சாயல் பிடிபட்டால் இப்போதைக்குப் போதும்.

அடுத்து, அதே ராகத்தில் பாபநாசம் சிவன் இயற்றிய 'தத்வமறிய தரமா' கீர்த்தனைக்குச் செல்லுங்கள். பத்து வெவ்வேறு கீர்த்தனைகளை ஒவ்வொரு முறை கேட்பதைவிட, இந்த ஒன்றையே சில வாரங்கள், வேறு வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்து கேட்பது எத்தனையோ மேல். ஒரு கட்டத்தில் பல்லவியை நீங்களே முணுமுணுக்கத் தொடங்குவீர்கள். அப்போது இன்னொருவர் பாடிய பதிவைக் கேளுங்கள். சங்கதிகள், அதாவது ஒரே வரியை விதவிதமாகப் பாடும் மாற்றங்கள், எங்கே மாறுகின்றன என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியவரும். பாட்டுக்கு முன் ராகத்தை மட்டும் விரித்துப் பாடும் ஆலாபனையைப் பிறகு கேளுங்கள். பாட்டு மனப்பாடமான பின் கேட்டால், சொல்லில்லாத அந்தப் பகுதியிலும் தெரிந்த முகங்கள் தென்படும்.

இந்தக் கீர்த்தனை ஆதி தாளத்தில் இருப்பது தொடக்கநிலைக் கேட்பவருக்கு இன்னொரு வசதி. தொடையில் உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று வரிசையாக மூன்று எண்ணிக்கை. அதன்பின் ஒரு தட்டும் கையைத் திருப்பி ஒரு வீச்சும், மறுபடி ஒரு தட்டும் ஒரு வீச்சும். ஆக மொத்தம் எட்டு. கை தாளத்தில் இருக்கும்போது மனம் எளிதில் வேறெங்கும் ஓடாது. இது கைவந்த பிறகு, அதே ராகத்தில் சுப்பராய சாஸ்திரியின் 'ஜனனி நின்னுவினா'வை எடுத்துக்கொள்ளலாம். அது மிச்ர சாபு தாளம், அதாவது மூன்றும் நான்குமாக ஏழு எண்ணிக்கை.

மொழி புரியவில்லை என்பது பலருடைய குறை, அது நியாயமான குறையும்கூட. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதி ஆகியோரின் தமிழ்ப் பாடல்களிலிருந்து தொடங்கினால் சொல்லும் இசையும் சேர்ந்தே உள்ளே இறங்கும்.

வயதோடு உண்மையிலேயே மாறுவது ஒன்று உண்டு. உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளைக் கேட்கும் திறன் பொதுவாகக் குறைந்துகொண்டே வரும். அதை ஈடுகட்ட ஒலியைக் கூட்டிவைப்பது ஆபத்து; வாரத்துக்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் என்பதே பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் காட்டும் பாதுகாப்பு எல்லை. அமைதியான அறையில் தாழ்ந்த ஒலியில் கேட்பதே நல்லது.

இவ்வளவும் ஆன பிறகு நேரில் ஒரு கச்சேரிக்குச் செல்லுங்கள். சென்னையில் மார்கழி இசை விழாவின்போது பல சபாக்களில் பகல்நேரக் கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம். பாடுபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். வர்ணத்தில் தொடங்கி, நடுவே பிரதான உருப்படி, தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம், பிறகு சிறு பாடல்களான துக்கடாக்கள், மங்களம் என்ற இன்றைய வரிசைக்கு வடிவம் கொடுத்தவராகப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். அந்த வரிசையைத் தெரிந்து வைத்திருந்தால், அடுத்து என்ன வரப்போகிறது என்ற திகைப்பு இருக்காது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பி குடிக்க எழுந்து போகும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து பழகிக்கொள்ளாதீர்கள். இத்தனை நாள் தாளம் போட்டுப் பழகியதன் பயன் முழுமையாகக் கிடைப்பது அந்த நேரத்தில்தான்.