ஹால் சுவருக்கு பிவிசி பேனல்: ஓதம் பார்ப்பதிலிருந்து கடைசிப் பட்டை வரை

கீழ்ப்பக்கம் உப்புப் பூத்து பெயின்ட் உதிரும் சுவரை மறைக்கத்தான் பலரும் பேனல் கேட்கிறார்கள். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் அந்தச் சுவரில் பேனல் அடித்தால் ஓதம் எங்கும் போகாது. பின்னால் பூஞ்சை பிடிக்கும், மரச் சட்டம் ஊறும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும், கரையான் ஏறும். வெளியே தெரிய வரும்போது எல்லாவற்றையும் கழற்றித்தான் ஆக வேண்டும். எனவே பேனல் கடைக்குப் போகும் முன் சுவரைப் பாருங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். மார்ச், ஏப்ரலில் பார்த்தால் எந்தச் சுவரும் காய்ந்துதான் தெரியும். அந்த மாதங்களில் ஈரத்தைத் தேடாதீர்கள், தழும்பைத் தேடுங்கள்: தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குள் பழுப்புக் கோடு, கையில் ஒட்டும் வெள்ளைப் பொடி, தட்டினால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும் பூச்சு. சந்தேகம் இருந்தால் 2 அடிக்கு 2 அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி 48 மணி நேரம் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் கோத்தால் அறைக்குள் காற்றோட்டம் போதவில்லை.

காரணம் பெரும்பாலும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும். ரோடு மேல் ரோடு போட்டுத் தெரு உயர்ந்து, வீட்டுத் தரைமட்டத்துக்கு மேலே மண் நிற்கும். பின்னால் பாத்ரூம் இருந்தால் டைல்ஸ் இடுக்கு வழியாகவோ பைப் ஜாயின்ட் வழியாகவோ கசியும். வெளி மண்ணை வெட்டி இறக்கி, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். கசிவை அடையுங்கள். பிறகு உப்பேறிய பூச்சைக் கறைக் கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை கொத்தி எடுத்து, செங்கல்லைக் கம்பி பிரஷ்ஷால் காய்ந்தபடியே தேயுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உப்புத் தண்ணீர் வரும் போர் இருந்தால் புதுப் பூச்சுக்கு அதைக் கலக்காதீர்கள். பூசிய பிறகு 7 நாள் தண்ணீர் காட்டி, அதன்பின் நான்கு வாரமாவது காயவிட வேண்டும். இந்த நான்கு வாரத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போகப் பார்க்கிறார்கள். தாண்டாதீர்கள்.

எந்தப் பேனல், எங்கே

கீழ்த்தளத்தில் வெளிப்பக்கச் சுவர் என்றால் பிவிசி அல்லது டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது). எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பார்க்க அழகு, ஆனால் ஓரத்தில் ஈரம் பட்டால் உப்பும், உப்பியது திரும்பச் சுருங்காது. அதை மாடியில், உள்பக்கத் தடுப்புச் சுவரில் மட்டும் வையுங்கள். பிளைவுட்டில் லேமினேட் ஒட்டுவதானால் ஐஎஸ் 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) உள்ள பலகை வாங்குங்கள்.

அடுப்புக்குப் பின்னாலும் பூஜை விளக்குக்குப் பக்கத்திலும் பிவிசி வேண்டாம். 80 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே அது இளகத் தொடங்கும். குத்துவிளக்கின் சுடர் பக்கத்தில் இருந்தால் நாளடைவில் பேனல் வளைந்து நிறம் மங்கும். கிருஷ்ணகிரியில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை, அந்த இடத்துக்கு ஒரு பலகைக் கல்லே போதும்.

அளவு

ஹால் சுவர் 12 அடி அகலம், 10 அடி உயரம், கீழே 4 அங்குல ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஓடும் பட்டை) என்று வைத்துக்கொள்வோம். பேனலுக்கு வேண்டிய உயரம் 9 அடி 8 அங்குலம். கடையில் 10 அடிப் பேனலும் கிடைக்கும், ஒன்பதரை அடிப் பேனலும் கிடைக்கும். ஒன்பதரை வாங்கினால் 2 அங்குலம் குறையும், மேலே அகலமான கார்னிஸ் பட்டை வைத்து மறைக்க வேண்டிவரும். வாங்கும்போதே டேப் பிடித்துப் பாருங்கள்.

அகலம் 10 அங்குலம் என்று சொன்னாலும் இரண்டு பேனலைக் கோத்து வைத்து, வெளியே தெரியும் அகலத்தை அளப்பதுதான் சரி. அது 10 அங்குலமே வந்தால் 144 அங்குலச் சுவருக்கு 14 முழுப் பேனல் போக 4 அங்குலம் மிஞ்சும். ஒரு மூலையில் மட்டும் 4 அங்குலத் துண்டு நின்றால் கண்ணை உறுத்தும். 13 முழுப் பேனலும் இரண்டு மூலையிலும் 7 அங்குலத் துண்டும் வைத்தால் கணக்கு சரியாக 144. இரண்டு வகையிலும் 15 பேனல்தான் ஆகும், உடைசலுக்கு ஒன்று சேர்த்து 16 வாங்குங்கள். சதுர அடிக் கணக்கில் விலை சொன்னால், 10 அடிப் பேனல் ஒன்று 8.33 சதுர அடி, 16 பேனல் 133 சதுர அடி. சுவர் 116 சதுர அடிதானே என்று 14 பேனலோடு நிறுத்தினால் பிறகு ஒரு பேனலுக்காக அலைய வேண்டும், அதுவும் வேறு லாட்டாக (வேறு தயாரிப்புத் தொகுதியாக) இருந்தால் நிறம் சேராது.

பேனல் நிமிர்ந்து நின்றால் ரீப்பர் (பேனலைத் தாங்கச் சுவரில் அடிக்கும் சட்டம்) படுக்கையாகப் போக வேண்டும். 2 அங்குல அகலம், 12 மிமீ கனமுள்ள பிவிசி அல்லது டபிள்யூபிசி ரீப்பர் எடுங்கள். செம்மண் பூமியில் கரையான் சாதாரணம், பச்சை மரச் சட்டத்தைத் தரைத்தளத்தில் அடிப்பது அதற்கு வழி போட்டுக் கொடுப்பது. 18 அங்குலத்துக்கு மேற்படாமல் இடைவெளி விட்டால் 8 வரிசை, மொத்தம் 96 அடி. சுவிட்ச் பெட்டியைச் சுற்றி அடிக்கவும் சேர்த்து 110 அடி வாங்குங்கள். வரிசைக்கு 9 பிளக் (ஸ்க்ரூ பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் குழல்) என்றால் 72, நூறாக வாங்கி வையுங்கள். பேனல் அடிக்க 13 மிமீ ஸ்க்ரூ 120 வேண்டும். துருப்பிடிக்காத வகையாக இருக்கட்டும்.

ஓசூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ எடுத்து வந்தால் வண்டியில் முழு நீளத்துக்கும் அடியில் தாங்கல் கொடுத்துப் படுக்க வையுங்கள். இறக்கியதும் அதே அறையில் 24 மணி நேரம் தட்டையாகக் கிடக்கட்டும். வெயிலில் சூடான பேனலை அப்படியே அடித்தால் இரவில் சுருங்கி இணைப்பு வாய் பிளக்கும்.

ரீப்பர் அடிப்பது

பேனல் வேலையின் பாதி இங்கேதான் முடிகிறது. சுவரின் மேல், கீழ், நடுவில் படுக்கையாக நூல் இழுத்துக் கட்டி, நூலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அடிக்கு அடி அளந்து பென்சிலால் சுவரிலேயே எழுதுங்கள். மேல் நூலும் கீழ் நூலும் ஒரே தூக்கில் இருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் மூன்று நூல், நான்கு நூல் வித்தியாசம் சகஜம் (இங்கே நூல் என்பது அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). சுவர் அதிகம் புடைத்த இடத்தில் ரீப்பரை நேராக ஒட்ட வைத்து, மற்ற இடங்களில் பின்னால் பேக்கிங் துண்டு கொடுத்து அந்த மட்டத்துக்கு வெளியே கொண்டு வாருங்கள். பேக்கிங் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், நடுவில் இருந்தால் முறுக்கும்போது ரீப்பர் வளையும்.

செங்கல் சுவரில் 8 மிமீ பிட் போட்டு 60 மிமீ ஆழம் துளையுங்கள், 40 மிமீ பிளக், இரண்டரை அங்குல ஸ்க்ரூ. பூச்சு மட்டும் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கும், குட்டை ஸ்க்ரூ போட்டால் பூச்சில்தான் பிடிக்கும், பூச்சோடு சேர்ந்து கழன்று வரும். ஹாலோ பிளாக்கில் பிளக் வெற்றிடத்தில் போய் சும்மா சுற்றும், அங்கே உள்ளே மடிந்து பிடிக்கும் நைலான் பிளக் கேட்டு வாங்குங்கள். கருங்கல் சுவர் என்றால் சுத்தியல் டிரில் வேண்டும், துளைக்கத் துளைக்க பிட்டை ஆறவிட வேண்டும். மண் சாந்தில் கட்டிய பழைய கல் சுவரில் துளை சுலபமாக இறங்கினால் சந்தோஷப்பட வேண்டாம். அது கல்லிடுக்கு மண், பிளக் நிற்காது. இரண்டு அங்குலம் தள்ளிக் கல்லிலேயே துளையுங்கள்.

மூலைக்கு மூலை ரீப்பரை ஒரே நீளமாக இறுக்கி அடைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் ஒரு அங்குலம் வெட்டு விடுங்கள், பின்னால் காற்று மேலும் கீழும் போகும்.

சுவிட்ச் போர்டும் டிவியும்

வேலை தொடங்கும் முன் எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கி, டெஸ்டர் வைத்துப் பாருங்கள். ரீப்பர் 12, பேனல் 8, ஆக 20 மிமீ சுவர் முன்னால் வருகிறது. பெட்டி அந்த அளவு முன்னால் வராமல் பிளேட்டை மட்டும் நீள ஸ்க்ரூவில் இழுத்து மாட்டினால், வயர் இணைப்பு பேனலின் வெட்டு ஓரத்தை உரசிக்கொண்டு கிடக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்துப் பெட்டியை உயர்த்துங்கள், டிவிக்கான கேபிள் பைப்பையும் அப்போதே போட்டுவிடுங்கள்.

டிவி பிராக்கெட்டின் பாரம் பேனல் மீது விழவே கூடாது. பிராக்கெட் வரும் இடத்தில் ரீப்பருக்குச் சமமான 12 மிமீ பிளைவுட் பலகையைச் சுவரில் ஆங்கர் போல்ட்டால் இறுக்கி, அதன் நான்கு மூலை எங்கே என்று அளந்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேனல் மூடிய பிறகு அந்தப் போட்டோதான் வழிகாட்டி. பிராக்கெட் போல்ட் பேனலையும் பலகையையும் தாண்டிச் சுவருக்குள் இறங்க வேண்டும்.

பேனல் கோர்ப்பது

முதலில் இரு மூலையிலும் மேலேயும் யு பட்டையை (பேனல் ஓரம் உள்ளே செருகும் யு வடிவப் பட்டை) அடியுங்கள். பேனலை ஸ்கர்ட்டிங்குக்கு மேல் உள்ள உயரத்தைவிட 10 மிமீ குறைவாக வெட்டுங்கள், மேலே 5, கீழே 5. பத்தடிப் பேனல் 20 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 4 மிமீக்கு மேல் நீளும். தருமபுரியின் மேற்குப் பார்த்த சுவருக்கு அந்த வித்தியாசம் சாதாரணம். இடம் விடாவிட்டால் மே மாதத்தில் நடுவில் வயிறு தள்ளும். வெட்ட நுண்பல் ஆக்ஸா பிளேடு போதும், மெஷினில் வெட்டினால் முகத்தில் மாஸ்க்.

முதல் பேனலை மூலையை நம்பி வைக்காதீர்கள். மூலை தூக்கில் இருக்காது. 7 அங்குலத் துண்டை ரசமட்டம் வைத்து நிமிர்த்தி, மூலைப்பக்கம் எவ்வளவு சாய்கிறதோ அதை யு பட்டைக்குள் போகும் ஓரத்தில் சீவி எடுங்கள். பிறகு பள்ளம் உள்ள விளிம்பில் ரீப்பருக்கு ஒன்றாக 8 ஸ்க்ரூ. இங்கே 19 மிமீ ஸ்க்ரூ போட்டால் ரீப்பரைத் துளைத்துப் பூச்சில் முட்டும், தலை முழுதாக உட்காராது. தலை ஒரு நூல் தூக்கி நின்றாலே அடுத்த பேனலின் நாக்கு (பள்ளத்துக்குள் செருகும் விளிம்பு) உள்ளே போகாது. அந்த நேரத்தில் சுத்தியலால் அடிப்பவர்கள்தான் விளிம்பை உடைக்கிறார்கள். ஸ்க்ரூவை இறக்குங்கள், பிறகு ஒரு வெட்டுத் துண்டை இடையில் வைத்து மெதுவாகத் தட்டினால் நாக்கு தானாகக் கோத்துக்கொள்ளும்.

நான்கு பேனலுக்கு ஒருமுறை ரசமட்டம் பாருங்கள். கடைசித் துண்டின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து வெட்டி, லேசாக வளைத்து யு பட்டைக்குள் விடுங்கள். அதற்கு மட்டும் பின்னால் பசை வையுங்கள்.

பள்ளம் பள்ளமாக இருக்கும் லூவர் பேனலை ரீப்பர் இல்லாமல் சுவரிலேயே ஒட்டுவதானால், பெயின்ட் மேலும் பட்டி (பெயின்டுக்கு முன் பூசும் புட்டி) மேலும் ஒட்டாதீர்கள். பசை பட்டியைப் பிடிக்கும், பட்டி சுவரை விடும், பேனல் தகடாக விழும். பசை வரும் இடங்களில் பட்டையாகப் பூச்சு தெரியும் வரை சுரண்டிவிட்டு ஒட்டுங்கள்.

கீழ் இடைவெளியை சிலிக்கானால் அடைக்க வேண்டாம், காற்றோட்டம் நின்றுவிடும். கரப்பான், பல்லி போகாதபடி மெல்லிய எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டீல்) வலையை மடித்துச் செருகினால் போதும். சிலிக்கான் சுவிட்ச் பிளேட்டைச் சுற்றியும் மூலைப் பட்டை ஓரத்திலும் மட்டும். துடைக்க ஈரத் துணியும் சோப்பும் போதும், தின்னர் பட்டால் மேல் படலம் கரைந்துவிடும்.

மிஞ்சிய ஒரு பேனலையும் வெட்டுத் துண்டுகளையும் கட்டிலுக்கு அடியில் தட்டையாகப் போட்டு, கடை பில்லையும் லாட் எண்ணையும் அதிலேயே ஒட்டி வையுங்கள்.