முப்பது வருட வியாபாரத்துக்குப் பிறகு மறுபடியும் வாட்டர்கலர்

கல்லூரிக் காலத்தோடு விட்டுப்போன பழக்கம். அப்புறம் முப்பது வருடம் கொள்முதல், கணக்கு, வசூல் என்றே போயிற்று. பொறுப்பைக் கைமாற்றிவிட்டுப் பரணிலிருந்த பழைய பெயின்ட் பெட்டியை இறக்கினேன். முதல் மாதம் வரைந்ததெல்லாம் திட்டுத்திட்டாக வந்தது. கை மறந்துவிட்டது என்றே நினைத்தேன். பாதிக் குற்றம் காகிதத்தினுடையது.

1. பழைய பெட்டியைச் சோதியுங்கள்

டியூப் கல்லாக இறுகியிருந்தாலும் எறிய வேண்டாம். இதில் நிறமியைப் பிடித்து வைத்திருப்பது கம் அராபிக் என்கிற பிசின். காய்ந்தாலும் தண்ணீரில் திரும்பக் கரையும். டியூபை நீளவாக்கில் கீறி உள்ளே இருக்கும் கட்டியை ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை வாடை அடித்தால் மட்டும் குப்பைக்கு.

காகிதம் அப்படியில்லை. நிறம் சட்டென்று உள்ளே இறங்காமலிருக்க அதில் ஜெலட்டின் மாதிரி ஒரு பசை ஏற்றியிருப்பார்கள். ஈரக்காற்றில் வருடக்கணக்கில் கிடந்தால் அது கெட்டுப்போகும். ஓரத்தில் ஒரு பட்டை பூசிப் பாருங்கள். மை ஒற்றும் தாள் போல உடனே உறிஞ்சினாலோ, அங்கங்கே கறுத்த புள்ளி விழுந்தாலோ, அந்தத் தாளைப் பென்சிலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

2. வாங்க வேண்டியவை

காசைக் காகிதத்தில் போடுங்கள்: 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), முழுப் பருத்தி, கோல்டு பிரஸ் (லேசான சொரசொரப்புள்ள பரப்பு). நுனி கூராக நிற்கும் 8 அல்லது 10ஆம் எண் உருண்டைப் பிரஷ் ஒன்று. 24 நிறப் பெட்டி வேண்டவே வேண்டாம். அல்ட்ராமரைன் என்கிற நீலம், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, ஒரு மஞ்சள், க்வினாக்ரிடோன் ரோஸ் என்கிற ரோஜாச் சிவப்பு போதும். முதல் இரண்டையும் கலந்தால் சாம்பலிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்பு வரை கிடைக்கும். அசல் அலிசரின் கிரிம்சன் என்கிற அடர்சிவப்பு வெளிச்சத்தில் மங்கும் என்பதால் நான் தொடுவதில்லை.

3. ஒரே சீரான வாஷ்

வாஷ் என்றால் தண்ணீரில் கரைத்த நிறத்தை ஒரு பரப்பு முழுக்கப் பூசுவது. பலகையைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். நினைப்பதைவிட அடர்த்தியாக, தேவைக்கு மேலேயே கலந்துகொள்ளுங்கள், காய்ந்தால் வெளிறும். மேலிருந்து ஒரு பட்டை இழுத்தால் அதன் அடியில் நிறத் தண்ணீர் வரிசையாகத் தேங்கும். அடுத்த பட்டை அந்தத் தேக்கத்தைத் தொட்டு இழுக்க வேண்டும். கடைசியில் மிஞ்சுவதைப் பிழிந்த பிரஷால் உறிஞ்சி எடுங்கள்.

4. சும்மா இருப்பது

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வானம் அழகாக இறங்கியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் வெளிறல். கண்ணில் பட்ட கோளாறை அந்த நிமிடமே சரிசெய்து பழகிய ஆள் நான். பிரஷை நனைத்து ஒரே ஒரு தொடல். சற்று நேரத்தில் அங்கே காலிஃபிளவர் மாதிரி ஒரு பூ விரிந்து, ஓரம் பல் பல்லாகக் காய்ந்தது. பாதி காய்ந்த இடத்தில் புதுத் தண்ணீர் பரவும்போது நிறமியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்த்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

காகிதத்தைப் பக்கவாட்டில் வெளிச்சம் படப் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னினால் இன்னும் நிறம் சேர்க்கலாம். மினுமினுப்பு மங்கத் தொடங்கினால் பிரஷைக் கீழே வையுங்கள். மினுப்பே இல்லாவிட்டாலும் காய்ந்துவிட்டதாக நம்பாதீர்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. நான் இப்போது ஒரே நேரத்தில் இரண்டு தாளில் வேலை செய்கிறேன். கை பரபரத்தால் அடுத்த தாளுக்குப் போய்விடுவேன்.

பிற்சேர்க்கை: ஹேர் டிரையர் பிடிக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பிடிக்கலாம், மினுமினுப்பு போன பிறகு. தண்ணீர் நிற்கும்போது பிடித்தால் காற்று நிறத்தை ஓட்டிவிடும்.

இன்னொருவருக்கு 300 ஜிஎஸ்எம் தாளே அலையலையாக எழும்புகிறதாம். நிறையத் தண்ணீர் விட்டால் எழும்பத்தான் செய்யும். நாலு பக்கமும் டேப் போட்டுப் பலகையில் ஒட்டுங்கள். முழுக்கக் காயும்வரை உரிக்காதீர்கள். உரிக்கும்போது டேப்பைப் படத்துக்கு வெளிப்பக்கமாக, மெதுவாகச் சாய்த்து இழுங்கள். அவசரப்பட்டு என் முதல் நல்ல வானத்தின் ஓரத்தைக் கிழித்திருக்கிறேன்.