கதைக்கு ஒரு கோள், அதன் பின் ஒரு விண்வெளி வரைபடம்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

அறிவியல் புனைகதை எழுதத் தொடங்குபவர்களில் பலர் முதலில் வரைபடத்தைத்தான் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். நாற்பது கோள்களுக்குப் பெயர் வைத்து, பேரரசு, எல்லைப்புறம், கொள்ளையர் பகுதி என்றெல்லாம் ஐந்து வண்ணங்களில் கோடு கிழித்து முடித்த பிறகு, மூன்றாம் அத்தியாயத்தில் நாயகி ஒரு கோளிலிருந்து இன்னொரு கோளுக்குப் போய்ச்சேர எத்தனை நாள் ஆகும் என்ற கேள்வி எழுந்தது. விடை தெரியாமல் கதையையே கைவிட்டேன். ஆகவே இந்தச் செய்முறையில் வரைபடம் கடைசிக்குப் போய்விடுகிறது. தாள், பென்சில், வர்க்கமூலம் காணும் வசதியுள்ள கால்குலேட்டர் ஆகியவை போதும்.

படி 1: விண்மீனைத் தேர்ந்தெடுங்கள்

கோளுக்கு முன்னால் அதன் சூரியனை முடிவு செய்ய வேண்டும். நீல நிறப் பெருவிண்மீன்கள் எழுத்தில் அழகாகத் தெரியும். ஆனால் அவை எரிபொருளை வேகமாகத் தீர்த்துவிட்டுச் சில கோடி ஆண்டுகளுக்குள்ளாகவே அழிந்துவிடுபவை. பூமியின் வயதோ ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். எனவே நீல விண்மீனைச் சுற்றும் கோளில் தொன்மையான ஒரு நாகரிகம் தானாகத் தோன்றியது என்று எழுதினால் விவரமறிந்த வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். வேறு இடத்திலிருந்து வந்து குடியேறினார்கள் என்றால் ஏற்றுக்கொள்வார்.

நமது விண்மீன் திரளான பால்வீதியின் விண்மீன்களில் முக்கால் பங்கு, சிவப்புக் குள்ளர்கள் எனப்படும் சிறிய, மங்கலான விண்மீன்கள். நமக்கு மிக அருகிலுள்ள பிராக்சிமா சென்டாரி அந்த வகையைச் சேர்ந்தது. 2016ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட அதன் கோள் 11.2 நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது. இவ்வளவு நெருங்கிச் சுற்றும் கோள்களின் ஒரு பக்கம் எப்போதும் விண்மீனையே பார்த்தபடி நின்றுவிடக்கூடும். அப்படி நின்ற கோளில் சூரியன் உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை. 'நாளைக் காலை' என்ற சொல்லுக்கே அங்கு வேலையில்லை. முதல் முயற்சிக்கு இது சற்றுக் கடினம். சூரியனைவிடச் சிறியதும் மங்கலானதுமான ஆரஞ்சு விண்மீனைப் பரிந்துரைக்கிறேன்.

படி 2: தொலைவும் ஆண்டும்

நமது எடுத்துக்காட்டு விண்மீனின் நிறை சூரியனில் 0.7 பங்கு, ஒளிர்வு கால் பங்கு என்று கொள்வோம். பூமி பெறும் அளவு வெப்பத்தைக் கோள் பெற வேண்டுமானால், ஒளிர்வின் வர்க்கமூலமே அதன் தொலைவு: 0.25இன் வர்க்கமூலம் 0.5, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தொலைவில் பாதி. அடுத்து, கோளின் தொலைவிலிருந்து அதன் ஆண்டைக் கணக்கிட உதவும் கெப்ளரின் மூன்றாம் விதி. தொலைவின் கனத்தை (0.125) விண்மீனின் நிறையால் (0.7) வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.42 பூமி ஆண்டு வருகிறது, அதாவது இக்கோளின் ஆண்டு 154 பூமி நாள்.

இந்த ஓர் எண்ணிலிருந்து எவ்வளவு கதை பிறக்கிறது என்று பாருங்கள். பூமிக் கணக்கில் இருபது வயதான பெண் இங்கே நாற்பத்தேழு முடிந்தவள். பூமியிலிருந்து வந்த அதிகாரி அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்து, மறுபடியும் அட்டையைப் பார்ப்பார்.

படி 3: ஈர்ப்பு

பூமியோடு ஒப்பிட்ட நிறையை, பூமியோடு ஒப்பிட்ட ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் மேற்பரப்பு ஈர்ப்பு கிடைக்கும். நிறை 1.9, ஆரம் 1.2 என்றால் விடை ஏறத்தாழ 1.3. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அங்கே எழுபத்தெட்டுக் கிலோவைச் சுமப்பது போலிருக்கும். படிக்கட்டுகளின் உயரம் குறையும், கைதவறிய குவளையைப் பிடிக்கக் கிடைக்கும் நேரமும் குறையும். எண்ணைக் கதையில் சொல்லவே வேண்டாம். குவளை உடைந்தால் போதும்.

சுழலச்சின் சாய்வையும் குறித்துக்கொள்ளுங்கள். பூமிக்கு 23.4 பாகை, பருவங்கள் அதனால்தான் வருகின்றன. கோள் முழுவதும் பாலைவனம், கோள் முழுவதும் காடு என்று எழுதும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. சகாராவும் அண்டார்டிகாவும் ஒரே கோளில்தான் இருக்கின்றன.

படி 4: பயண வேகம்

எல்லாவற்றையும்விட முக்கியமான முடிவு இதுதான். ஒளியை மிஞ்சும் கப்பல் கற்பனையே என்றாலும், அதற்கு ஒரு வேகத்தை விதித்து, கதை முடியும்வரை மாற்றாமல் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு ஓர் ஒளியாண்டு, அதாவது ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தொலைவு, என்று வைத்துக்கொள்வோம். பால்வீதியின் விட்டம் ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டுகள். குறுக்கே கடக்க 274 ஆண்டுகள் ஆகும். பால்வீதி முழுவதையும் ஆளும் பேரரசர் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடலாம். செய்தியும் கப்பலில்தான் போகிறது என்றால், 400 ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஆளுநருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வர இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் அவர் தனி அரசராகியிருப்பார்.

படி 5: பகுதிகளைப் பிரித்தல்

ஓர் ஆணை போய்ப் பதில் திரும்ப உங்கள் அரசு எத்தனை நாள் பொறுக்கும் என்று கேளுங்கள். தொண்ணூறு நாள் என்றால் அதன் ஆட்சிப்பகுதி 45 ஒளியாண்டு ஆரமுள்ள கோளம். சிறியதாயிற்றே என்று வருந்த வேண்டாம். நம் சூரியனை நடுவில் வைத்து அந்த ஆரத்துக்குக் கோளம் வரைந்தால், அதற்குள் ஏறக்குறைய ஆயிரம் விண்மீன்கள் அடங்கும். அவற்றில் பத்தை நிரப்புவதற்கே இரண்டு நாவல்கள் பிடிக்கும்.

இன்னும் பெரிய அளவில் கதை விரிந்தால், இயற்கையே பகுதிகளைப் பிரித்து வைத்திருக்கிறது. சூரியன் பால்வீதியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில், ஓரியன் எனப்படும் சுருள் கையில் உள்ளது. மையத்தில் சூரியனைப்போல் நாற்பது லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. அதன் சுற்றுப்புறத்தில் விண்மீன்கள் மிக நெருக்கம், ஆகவே இருண்ட இரவு அரிது. வெளிவிளிம்பில் கனமான தனிமங்கள் குறைவு. இரும்பு அங்கே விலையேறிய சரக்காக இருக்கலாம். சுருள் கைகளுக்கு இடைப்பட்ட வெளி வெறுமையானது என்று எண்ணிவிடாதீர்கள். அங்கும் விண்மீன்கள் உண்டு. பளிச்சென்று தெரியும் இளம் விண்மீன்கள்தாம் குறைவு.

படி 6: இப்போது வரைபடம்

பால்வீதியின் தட்டு ஏறத்தாழ ஆயிரம் ஒளியாண்டு தடிமன் கொண்டது. முழுப் பால்வீதியையும் தட்டையான தாளில் வரைந்தால் பெரிய பிழை நேராது. நமது 45 ஒளியாண்டுக் கோளத்தை அப்படி வரைந்தால் ஏமாந்துபோவீர்கள். தாளில் மூன்று ஒளியாண்டு இடைவெளியில் தெரியும் இரு விண்மீன்களின் உயரம் இருபது ஒளியாண்டு வேறுபட்டால், மெய்யான தொலைவு இருபதுக்குச் சற்று மேல். மூன்று நாள் பயணம் என்று எழுதியது மூன்று வாரமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு விண்மீனுக்கும் மூன்று எண்களை (நீளம், அகலம், உயரம்) குறித்து, மூன்று வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்.

படி 7: பெயர்

பெயரைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நாற்பது ஒளியாண்டுத் தொலைவில் ஏழு கோள்களோடு இருக்கும் டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனின் பெயர், அதை ஆராய்ந்த தொலைநோக்கியின் பெயர். அங்கே யாராவது வாழ்ந்தால் தங்கள் சூரியனை அப்படி அழைக்கமாட்டார்கள். எனவே ஒவ்வொரு கோளுக்கும் பட்டியல் பெயர் ஒன்றும், குடியிருப்போர் வாயில் புழங்கும் பெயர் ஒன்றும் வையுங்கள். பகுதிகளுக்கும் இதே முறைதான்: தலைநகரத்தார் 'எல்லைப்புறம்' என்று குறிக்கும் இடத்தை அங்கே பிறந்தவர்கள் 'ஊர்' என்பார்கள். நமது 154 நாள் கோளுக்குப் பட்டியலில் ஓர் எண்ணே போதும்; அந்த நாற்பத்தேழு வயதுப் பெண் அதை என்னவென்று அழைக்கிறாள் என்பதை முதல் பக்கத்தில் அவளையே சொல்ல வையுங்கள்.