போல்ட்டின் நட்டநடுவில் துளை: எங்கே கோணலாகிறது?

எம்8 (மரையின் வெளிவிட்டம் 8 மி.மீ.) போல்ட்டில் நீளவாக்கில் 4 மி.மீ. துளை போட வேண்டும். மரையின் அடிவிட்டம், அதாவது பள்ளத்தில் அளந்தால் வரும் விட்டம், ஏறக்குறைய 6.5 மி.மீ. துளை நடுவில் விழுந்தால் சுற்றிலும் 1.2 மி.மீ. சுவர் மிஞ்சும், அரை மி.மீ. விலகினால் ஒரு பக்கம் 0.7தான், முறுக்கும்போது அங்கேதான் பிளக்கும். சரியாகவே விழுந்தாலும் போல்ட்டின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால் பாரம் தாங்கும் இடத்துக்கு இந்த வேலையே வேண்டாம்.

பெரும்பாலும் கோணல் தொடங்குவது தலையில். அறுகோணத்தின் மூலைகளைக் கோடிழுத்துச் சேர்த்து, சந்திக்கும் இடத்தில் பஞ்ச் அடிக்கிறார்கள். அது தலையின் நடு. தண்டின் நடு அதுவாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. போதாததற்கு 8.8, ஏ2-70 என்று போல்ட்டின் ரகத்தைக் காட்டும் புடைத்த எழுத்துகள் துளைபோடும் பிட்டின் முனையைத் தள்ளிவிடும். முதலில் அவற்றை அரத்தால் தட்டையாக்குங்கள்.

பிறகு பிட்டைச் சுற்றவிடாமல் போல்ட்டைச் சுற்றவிடுங்கள். பெஞ்ச் டிரில்லின் சக்கில் (வழக்கமாகப் பிட்டைப் பிடித்துச் சுற்றும் வாய்) போல்ட்டின் தண்டு, தலை கீழே பார்த்தபடி. பிட், முனை மேலே பார்க்க, மேசைமேல் இருக்கும் வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி). தண்டு எந்த அச்சில் சுற்றுகிறதோ துளையும் அதிலேயே இறங்கும், தலை எப்படி இருந்தாலும் சரி. சுருளும் தானாகக் கீழே கொட்டிவிடும். எண்ணெயை மட்டும் பிரஷ்ஷால் அடிக்கடி தொட்டு வைக்க வேண்டும்.

வைஸை நேராக்குவதுதான் முக்கால்வாசி வேலை. 4 மி.மீ. நேர்கம்பியைச் சக்கில் பிடித்து, வைஸின் செங்குத்து வி-பள்ளத்தில் இறக்கி இறுக்குங்கள். அந்த நிலையிலேயே வைஸை மேசையோடு கிளாம்ப் போடுங்கள். கம்பியை எடுத்துவிட்டு அதே பள்ளத்தில் பிட்டை வையுங்கள். இதற்குப் பின் மேசையை ஏற்றி இறக்கினால் எல்லாம் வீண்: உருண்டைத் தூண் மெஷினில் மேசை பக்கவாட்டில் திரும்பிவிடும். போல்ட்டும் பிட்டும் சேர்ந்து எவ்வளவு உயரம் வேண்டும் என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

மரை நசுங்காமலிருக்க மெல்லிய அலுமினியத் தகடு சுற்றலாம். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் போல்ட் ஆடும்.

லேசாகத் தொட்டவுடன் நிறுத்திப் பாருங்கள். சுற்றிலும் வளையம் வெட்டி, நடுவில் ஊசிமுனை அளவு குமிழ் நின்றால் பிட் விலகியிருக்கிறது. கையால் அழுத்திச் சரிசெய்யப் பார்த்தால் பிட்தான் ஒடியும். வைஸைத் திரும்ப நேராக்குங்கள். குமிழ் இல்லையென்றால் இறக்குங்கள், 4 மி.மீ.க்கு ஒருமுறை பின்வாங்கிச் சுருளைத் தட்டிவிட்டு. நீளமான பிட் வளையும். தொடங்குவதற்குக் குட்டைப் பிட் போதும்.

உப்புக்காற்றுக்குப் பயந்து கடலூர் முதுநகர் படகு வேலைக்கு வாங்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் தனி ரகம். மழுங்கிய பிட் வெட்டாமல் உரசினால் அந்த இடம் இறுகிவிடும், அப்புறம் எந்த எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட்டும் ஏறாது. சாதா இரும்புக்கு 4 மி.மீ. பிட்டில் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் இதற்கு 800 போதும், அழுத்தம் மட்டும் விடாமல். 12.9 என்ற மிகக் கடினமான ரக ஆலன் போல்ட்டா (தலையில் அறுகோணக் குழி உள்ளது)? லேத் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னுக்குக் குறுக்குத் துளை என்றால் போல்ட் வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளமுள்ள கட்டை) கிடக்கட்டும். அதன்மேல் மெல்லிய ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, சக்கில் பிடித்த கூர்முனையால் மெல்ல அழுத்துங்கள். ஸ்கேல் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் முனை தள்ளி நிற்கிறது. மட்டமாக நின்றால் துளையிடலாம். கையுறையையும் தோளில் கிடக்கும் துண்டையும் கழற்றிவிட்டு.