புது ஸ்போர்ட்ஸ் காரா? முதலில் பிரேக் பழகுங்கள்

தனுஷ்கோடி தாண்டிப் போகும் அரிச்சல்முனை ரோடு நேராகக் கிடக்கிறதே என்று புது ஸ்போர்ட்ஸ் காரை அங்கே விரட்டிப் பார்க்காதீர்கள். காற்று அள்ளிப் போடும் மணலில் டயருக்குப் பிடிப்பு இருக்காது. சுற்றுலாக் கூட்டம் வேறு. பழக வேண்டிய இடம் ரேஸ் டிராக்: கோவை செட்டிப்பாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வே, இல்லையென்றால் சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை. ராமநாதபுரத்துக்கு இரண்டுமே தூரம்தான், என்ன செய்ய!

பணம் கட்டும் முன் பயிற்சிப் பள்ளியிடம் கேளுங்கள்: பயிற்சியாளர் பக்கத்தில் உட்காருவாரா? அவசர பிரேக் பழக்குவார்களா? ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும்போது பெடல் காலடியில் படபடவென்று அதிரும். பழகாதவர் மிரண்டு காலை எடுத்துவிடுவார். ஈரத் தரையில் சறுக்கலைச் சமாளிக்கவும் சொல்லித் தந்தால் ரொம்ப நல்லது.

அப்புறம், சொந்தக் காரை டிராக்கில் இறக்குவதானால் இன்சூரன்ஸ் பாலிசியைப் படித்துவிடுங்கள். பந்தயம், வேகச் சோதனைக்கெல்லாம் வழக்கமான பாலிசி பொருந்தாது.