லேசர் கண் சிகிச்சைக்குப் போகும் முன்: பவர் சீட்டு தொடங்கி சொட்டு மருந்து வரை

கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆகும்?" அடுத்தது, "வலிக்குமா?" "என் கண்ணுக்கு இது ஒத்துவருமா?" என்று கேட்பவர் அபூர்வம். முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி அதுதான்.

நான் கிருஷ்ணகிரியில் கண் பரிசோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன். லேசர் செய்பவன் அல்ல. பவர் பார்த்து, தகுதி இருக்கலாம் என்று தோன்றினால் சேலத்துக்கோ பெங்களூருவுக்கோ போய்க் காட்டச் சொல்வேன். அப்படிப் போகிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பழைய பவர் சீட்டுகளைத் தேடி எடுங்கள்

வயது 18 முடிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கடந்த ஒரு வருடமாகப் பவர் நின்றிருக்க வேண்டும். அரை பாயின்ட்டுக்கு மேல் ஏறியிருந்தால் இன்னும் நிற்கவில்லை என்று அர்த்தம். ஏறிக்கொண்டிருக்கும் கண்ணுக்கு லேசர் செய்தால், சில வருடத்தில் மறுபடி கண்ணாடி வரலாம். அதனால் பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தொலைந்திருந்தால், கண்ணாடி வாங்கிய கடையில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 2: லேசர் எதைச் சரிசெய்கிறது, எதைச் செய்யாது

கிட்டப்பார்வைக்காரர்களுக்குப் பெரும்பாலும் கண் உருண்டை கொஞ்சம் நீளமாக இருக்கும். அதனால் வெளிச்சம் விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடுகிறது. கண்ணின் முன்னால் இருக்கும் கார்னியா என்னும் கருவிழிப் படலத்தை லேசர் லேசாகத் தட்டையாக்கி, குவியும் இடத்தைப் பின்னால் தள்ளுகிறது. உருண்டையின் நீளம் அப்படியேதான் இருக்கும். ஆகவே அதிக மைனஸ் பவர்காரர்களுக்கு விழித்திரையில் வரக்கூடிய ஓட்டை, கிழிசல் ஆபத்து லேசருக்குப் பிறகும் தொடரும். வருடாந்திரப் பரிசோதனையை நிறுத்தக்கூடாது.

வெள்ளெழுத்தும் அப்படித்தான். நாற்பதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி தேவைப்படும், லேசர் செய்தவருக்கும் சேர்த்து. 42 வயதில் மைனஸ் 2 பவரோடு வருகிறவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். தூரப் பார்வையை முழுதாகச் சரிசெய்தால் அந்த வசதி போய்விடும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் கோபம் வருகிற இடம் இது.

(இந்த லேசர் உயிர்த் திசுவில் வேலை செய்யும் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். 1981இல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது, வீட்டு விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பைக் கொண்டுவந்து எக்சைமர் லேசரில் சோதித்துப் பார்த்தார்.)

படி 3: இப்போது வேண்டாம் என்கிற பட்டியலில் இருக்கிறீர்களா?

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் காத்திருக்க வேண்டும். அந்தச் சமயத்தில் பவர் மாறும். கட்டுப்படாத சர்க்கரை, முடக்குவாதம், கடுமையான கண் வறட்சி, முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுவது, எதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

கண்ணைக் கசக்கும் பழக்கம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் கிரானைட் தூசு, வெயில், அலர்ஜி என்று சின்ன வயதிலிருந்தே கண்ணைத் தேய்த்துத் தேய்த்து வளர்ந்தவர்கள் ஏராளம். கருவிழி கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோய்க்கும் இந்தப் பழக்கத்துக்கும் தொடர்பு உண்டு. அது இருக்கிற கண்ணுக்கு லாசிக் (லேசர் முறைகளில் ஒன்று, படி 6இல் விவரம்) செய்யவே கூடாது. சிலிண்டர் பவர் (சீட்டில் CYL என்று இருப்பது) அடிக்கடி மாறுகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வேலைக்குத் தயாராகிறவர்கள் அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள். ரயில்வேயின் உதவி லோகோ பைலட் வேலைக்கு லாசிக் செய்தவர்கள் தகுதி இல்லை. போலீஸ், ராணுவம் என்றால் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்த பிறகே கண்ணைத் தொடுங்கள்.

படி 4: கான்டாக்ட் லென்ஸைக் கழற்றுங்கள்

லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே கொஞ்சம் மாற்றிவிடும். மிருதுவான லென்ஸ் என்றால் பரிசோதனைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள். கடினமான லென்ஸுக்கு மூன்று, நான்கு வாரம்கூட ஆகலாம். நேற்று ராத்திரி வரை போட்டுவிட்டு வந்து அளவு எடுத்தால் அந்த அளவை நம்ப முடியாது.

படி 5: பரிசோதனை நாள்

அரை நாளாவது ஒதுக்குங்கள். கருவிழியின் மேடு பள்ளத்தை வரைபடமாக எடுப்பார்கள், தடிமனை அளப்பார்கள், கண்ணீர் போதுமா என்று பார்ப்பார்கள். கடைசியில் சொட்டு விட்டுக் கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு சில மணி நேரம் வெயில் கூசும், எழுத்து மங்கும். பைக்கில் தனியாகப் போகாதீர்கள்.

தடிமன் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். கருவிழி நடுவில் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்று அதிகம். லாசிக்கில் மேலே தூக்கும் படலம் சுமார் 110. ஒவ்வொரு பாயின்ட் பவருக்கும் லேசர் ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் செதுக்கும். 15 என்றே வைத்துக்கொண்டால், மைனஸ் 6க்கு 90 போகும். 540இல் 110, 90 கழித்தால் 340 மிச்சம். சரி. அதே ஆளுக்குக் கருவிழி 490 ஆகவும் பவர் மைனஸ் 9 ஆகவும் இருந்தால் மிச்சம் 245தான். கீழே 250ஆவது இருக்க வேண்டும். பல மருத்துவர்கள் 300 இருந்தால்தான் கை வைப்பார்கள். மீறினால் பின்னாளில் கருவிழி புடைக்கலாம். "உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லி அனுப்புகிற மருத்துவமனை மேல் எனக்கு மரியாதை அதிகம்.

படி 6: எந்த முறை?

லாசிக்கில் மேல்படலத்தை ஒரு பக்கம் ஒட்டியிருக்கும் கதவுபோலத் திறந்து, அடியில் லேசர் செய்து மூடுவார்கள். மறுநாளே பார்வை தெளியும். பிஆர்கே முறையில் கதவு கிடையாது. மேல்தோலை நீக்கிவிட்டு நேராக லேசர். இரண்டு மூன்று நாள் நல்ல எரிச்சல் இருக்கும், பார்வை நிதானமாகத்தான் வரும். ஆனால் மெல்லிய கருவிழிக்கும், முகத்தில் அடி படக்கூடிய வேலைக்கும் இதுவே மேல். ஸ்மைல் முறையில் கருவிழிக்குள் மெல்லிய வில்லையை வெட்டி, சின்ன வெட்டு வழியாக எடுத்துவிடுவார்கள்.

"புதுசு எது?" என்று கேட்காதீர்கள், "என் அளவுக்கு எது, ஏன்?" என்று கேளுங்கள். பணம் பேசும்போது பரிசோதனை, சொட்டு மருந்து, அடுத்தடுத்த வருகை, பவர் மிஞ்சினால் மறு சிகிச்சை எல்லாம் சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். மருத்துவக் காப்பீட்டில் பொதுவாக 7.5 பாயின்ட்டுக்குக் குறைந்த பவருக்குப் பணம் கிடைக்காது.

படி 7: சிகிச்சை நாள்

மை, பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம். ஊசி கிடையாது, மரத்துப்போகும் சொட்டுதான். கண்ணைப் பிடிக்கும்போது அழுத்தம் தெரியும், சில நொடிகள் கண் இருட்டும். முடி கருகுகிற வாடை வந்தால் பயப்படாதீர்கள், லேசர் ஓடும்போது அப்படித்தான் இருக்கும். சொல்கிற வெளிச்சத்தையே பாருங்கள். லேசர் ஓடுவது நொடிக்கணக்கு. மொத்தமும் அரை மணிக்குள் முடியும்.

மறுநாள் கட்டாயம் காட்ட வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் 65 கிலோமீட்டர்தான் என்று ராத்திரியே பஸ் ஏறாமல், அங்கேயே தங்குங்கள்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாள் எரியும், நீர் வடியும். தூங்கும்போது கண் மூடியைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கண்ணில் தண்ணீர் படக்கூடாது, கிணறு, ஏரிக் குளியல் ஒரு மாதத்துக்கு வேண்டாம். கசக்கவே கூடாது, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அதன் விரல் மேலும் ஒரு கண் வையுங்கள். நந்தியாவட்டைப் பூ, விளக்கெண்ணெய், தாய்ப்பால் எல்லாம் கிட்ட வரக்கூடாது.

இரண்டு வெவ்வேறு சொட்டு மருந்துக்கு நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். ஸ்டீராய்டு சொட்டைச் சொன்ன நாளோடு முடித்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கிறதே என்று மெடிக்கல் ஷாப்பில் மறுபடி வாங்கி ஊற்றினால் கண் அழுத்தம் ஏறும். வறட்சி சில மாதம் இருக்கும், அதற்குத் தனிச் சொட்டு உண்டு. இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். அது அடங்கும்வரை தொப்பூர் கணவாயில் ராத்திரி வண்டி ஓட்டும் வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

கல்யாணப் பெண்களுக்கு ஒன்று: வெள்ளை விழியில் ரத்தச் சிவப்புத் திட்டு வரலாம். ஆபத்தில்லை, ஆனால் மறைய இரண்டு வாரம் ஆகும். தை முகூர்த்தத்துக்கு மார்கழிக் கடைசியில் செய்தால் போட்டோவில் அதுவும் விழும். மைக்கும் ஹோமப் புகைக்கும் வேறு கண் ஒத்துழைக்காது. இரண்டு மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

வலி குறையாமல் கூடினால், பார்வை திடீரென மங்கினால், சீழ் வந்தால், கண்ணில் அடி பட்டால், ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம் அந்த ஃபைல். சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழி அளவு எல்லாம் அதில் இருக்கும். வயதான பிறகு கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது, லேசர் செய்த கண்ணுக்கு லென்ஸ் பவர் கணக்கிடுவது சிரமம். இந்தப் பழைய அளவுகள் அப்போது உதவும். ரேஷன் கார்டு, பத்திரம் வைத்திருக்கும் பீரோவில் அதையும் வையுங்கள், போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.