பவளத் தொட்டி நீரைச் சோதிக்க எந்த டெஸ்ட் கிட்டை முதலில் வாங்குவது?

எல்லா டெஸ்ட்டும் அடங்கிய பெரிய செட்டைக் கடைக்காரர் எடுத்து நீட்டினால் அவசரப்படாதீர்கள். அதில் பாதிக் குப்பிகள் மூடி திறக்காமலேயே காலாவதியாகும். ஒவ்வொரு கிட்டையும் கையில் எடுத்து, இந்த எண் ஏறினால் என்ன செய்வேன், இறங்கினால் என்ன செய்வேன் என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையா, அலமாரியிலேயே இருக்கட்டும்.

முதல் செலவு உப்பளவுக்கு. சிங்கப்பூரில் எங்கள் வீவக (அடுக்குமாடி) வீட்டைப் போல, சில்லர் என்ற குளிரூட்டும் கருவி வைக்காமல் மின்விசிறியால் தொட்டியைக் குளிர்வித்தால் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். உப்பு எங்கும் போகாது, அதனால் உப்பளவு ஏறும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரும், அதைச் சரிபார்க்க 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவமும் சேர்த்தே வாங்குங்கள். வெறும் சுத்த நீரில் 0 சரியாகக் காட்டுவதால் 35-ம் சரி என்று ஆகிவிடாது. உப்பு குறைந்திருந்தால் கால்சியம், மெக்னீசியம், ஆல்கலினிட்டி எல்லாமே குறைவாகத்தான் வரும். அது தெரியாமல் மருந்து ஊற்றிக்கொண்டிருப்போம்.

அடுத்தது ஆல்கலினிட்டி, அதாவது நீரில் உள்ள கார்பனேட் காரத்தன்மை; டிகேஹெச் என்ற அலகில் அளப்பார்கள். இங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கல்பவளம் எலும்புக்கூடு கட்டும்போது ஆல்கலினிட்டி 2.8 டிகேஹெச் இறங்கினால், கால்சியம் வெறும் 20 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 20 பங்கு) இறங்கும். அதாவது 8.5 டிகேஹெச் இருந்த தொட்டி 5.7-க்கு வந்து நிற்கும்போது, கால்சியம் 420-லிருந்து 400-க்கு நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். சொட்டுக்கு 20 பிபிஎம் கணக்கில் அளக்கும் கிட்டில் அது ஒரே ஒரு சொட்டு வித்தியாசம். ஆபத்தை முதலில் சொல்வது ஆல்கலினிட்டிதான். புதுத் தொட்டியில் அதை ஒருநாள் விட்டு ஒருநாள் பாருங்கள். கால்சியத்துக்கு வாரம் ஒருமுறை, மெக்னீசியத்துக்கு மாதம் ஒருமுறை போதும்.

ஆல்கலினிட்டிக்கு நான் வைத்திருப்பது சாலிஃபெர்ட் பிராண்டு கிட். 4 மில்லி தொட்டி நீரில் 2 சொட்டு நிறங்காட்டி விட்டு, சிரிஞ்சிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். நீலப்பச்சை மங்கி ஆரஞ்சுச் சிவப்பானதும் நிறுத்துங்கள். நிறத்தில் சந்தேகப்படுபவர்களுக்கு எண்ணாகவே காட்டும் ஹன்னா செக்கர் என்ற சின்ன மின்கருவி நல்லது. கண்ணாடிக் குப்பியில் கைரேகையோ குமிழோ ஒட்டியிருந்தால் அதுவும் பொய் சொல்லும், துடைத்துவிட்டு வையுங்கள்.

பாஸ்பேட்டுக்கு நிற அட்டை எனக்கு ஒத்துவராது. 0.03-க்கும் 0.1-க்கும் நடுவே உள்ள வெளிர்நீலங்களை டியூப்லைட் வெளிச்சத்தில் யார் பிரித்துப் பார்ப்பது? அதற்கும் செக்கர்தான். ஒன்று கவனியுங்கள்: ஹன்னாவின் அல்ட்ரா லோ பாஸ்பரஸ் கருவி பாஸ்பரஸை பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும். 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம். 20 வந்தால் 0.06. நைட்ரேட்டுக்குச் சாதாரண கிட் போதும். 2-லிருந்து 10 பிபிஎம் வரை இருந்தால் நிம்மதி. இரண்டுமே 0 என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள், டைனோ (டைனோஃபிளாஜெல்லேட்) என்ற நுண்ணுயிரின் பழுப்புப் படலம் தலைகாட்டுவது பெரும்பாலும் அப்போதுதான்.

அமோனியா டெஸ்ட், கழிவை உடைக்கும் பாக்டீரியா வளர்ந்து தொட்டி பழகும் தொடக்க வாரங்களுக்கு மட்டும். நைட்ரைட் வேண்டாம்; கடல்நீரில் குளோரைடு நிறைய இருப்பதால் அது மீனை அவ்வளவாகப் பாதிக்காது. பிஹெச் கிட்டும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. ஏர்கான் போட்டுப் பூட்டிய அறையில் கரியமிலவாயு சேர்ந்து பிஹெச் இறங்கும். ஜன்னலைத் திறந்தால் ஏறும்.

குழாய்நீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ-டிஐ வடிகட்டி வைத்திருப்பவர்கள் மொத்த குளோரின் டெஸ்ட் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே குழாய்நீரில் குளோரமைன் இருக்கிறது. வடிகட்டியின் கார்பன் தீர்ந்துபோய் அது உள்ளே வந்தாலும், கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 என்றே காட்டலாம்.

நீரை ஆய்வகத்துக்கு அனுப்பி அதிலுள்ள தனிமங்களை அளக்கும் ஐசிபி பரிசோதனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தாமிரம், அயோடின் போன்றவற்றை அது சொல்லும், ஆல்கலினிட்டியைச் சொல்லாது. பிராண்டு மாற்றும்போது பழைய கிட் தீரும் முன்பே புதியதை வாங்கி, ஒரே குவளை நீரை இரண்டிலும் அளந்து வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள்.